சுத்துதுங்களா?

நாற்பதாவது நிமிடத்தில் பேருந்தில் மணி அடித்தது. எல்லோரும் மெய்நிகர்க் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தூங்கி எழுந்தவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்தார்கள். பத்து நிமிடக் கழற்றுநேரம். ஒருவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கடலைமிட்டாயை நீட்டினார். 2075-இல் கோயம்புத்தூர்க்காரர்கள் முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் இந்தப் பத்து நிமிடங்களில்தான். அதுவும் பாசத்தினால் அல்ல. அதற்கு மேல் மாட்டியிருந்தால் தலை சுற்றும், அவ்வளவுதான்.

அதே பேருந்தில் இருந்த சென்னியப்பனுக்கு அந்தக் கழற்றுநேரத்தில் கொஞ்சம் பெருமை உண்டு. சரவணம்பட்டி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் சோதனையாளராக இருந்தவர். புதுக் கண்ணாடி ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், சுற்றினால் சொல்ல வேண்டும். இதற்கெல்லாமா சம்பளம் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

மற்றக் கருவியெல்லாம் ஓட்டமாய் ஓட, இந்தக் கண்ணாடி மட்டும் ஏன் இப்படி ஆமையாய் நகர்ந்தது என்று கேட்டால் அவரிடம் நீளமான பதில் இருக்கிறது. திரையைத் துல்லியமாக்கினால் சூடேறும். சூட்டைத் தணிக்க விசிறி வைத்தால் கனம் கூடும். கனத்தைக் குறைக்கப் பேட்டரியைச் சிறிதாக்கினால் அரை மணியில் அணையும். குட்டைப் போர்வைதான், தலையை மூடினால் கால் தெரியும். எல்லாவற்றையும் சரிக்கட்டினாலும், நகர்கிறோம் என்று கண் சொல்லும், உட்கார்ந்துதானே இருக்கிறோம் என்று உள்காது சொல்லும். அந்தச் சண்டையில் வயிறு புரட்டும்.

அந்தப் பதிலில் அவர் சேர்க்காமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. அது இளமதி.

இளமதி அங்கே பொறியாளர். எதிர் மேசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சுத்துதுங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றால் குனிந்து குறிப்பேட்டில் எழுதப் போய்விடுவாள். சுற்றுகிறது என்றால் எழுந்து வந்து, தன் கையால் கண்ணாடியைக் கழற்றி, எவர்சில்வர் டப்பாவிலிருந்து உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துத் தருவாள். இருபத்தெட்டு வயதுக்காரன் என்ன செய்வான்? சில நாட்கள் சுற்றாமலேயே சுற்றியது. ஒரே ஒருவருக்குச் சுற்றினாலும் அந்தச் சோதனை மாதிரியைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. பிறகு இருவருக்கும் கல்யாணமாகி, நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தப் பொய்யை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

இன்று அவரைக் கடைசிச் சோதனைக்கு அழைத்திருந்தாள் ரஸியா, ஆய்வுக்கூடத்தின் இப்போதைய தலைவி. சோதனைப் பொருள் நரம்புவில்லை என்ற புது லென்ஸ். கண்மணிமேல் ஒட்டிக்கொண்டு உள்காதையும் சமாதானப்படுத்திவிடும், கழற்றவே வேண்டாம். தேறிவிட்டால் கழற்றுநேரமும் போய்விடும், மணியும் போய்விடும். சோதனைக் காட்சிக்கு ரஸியா அந்தப் பழைய அறையையே எடுத்திருந்தாள். பழைய கண்ணாடிகளின் கேமராக்கள் பதிந்தவற்றைக் கோத்து, இளமதியோடு கட்டியது. தேறினால் முதல் ஜோடி அவருக்கு. இளமதி நாள் முழுக்கக் கண்ணெதிரே இருப்பாள். தவறினால் இன்னும் பத்து வருடம். அவருக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று முறை இல்லை என்று சொன்னால் போதும். வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

வில்லை ஒளிர்ந்தது. பச்சைச் சுடிதாரில் இளமதி உட்கார்ந்திருந்தாள்.

"சுத்துதுங்களா?"

துளியும் சுற்றவில்லை. இல்லை என்றார். அவள் குனிந்து எழுதினாள். நெற்றியில் விழுந்த முடியை அதே மாதிரி பேனாவால் ஒதுக்கினாள். இரண்டாம் முறை கேட்டாள், இல்லை என்றார். மறுபடியும் குனிந்துகொண்டாள். இனி நாள் முழுக்க இப்படித்தான் குனிந்திருப்பாளோ என்று தோன்றியது அவருக்கு.

"சுத்துதுங்களா?"

"சுத்துது."

வாய் முந்திக்கொண்டது. இளமதி நிமிர்ந்தாள். எழுந்தாள். அவள் கை டப்பாவை நோக்கி நீண்டது. அவர் தம்மை அறியாமல் உள்ளங்கையை விரித்தார். காட்சி இருண்டது.

அதற்கு மேல் பதிவில் ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில்தான் எப்போதும் கண்ணாடியைக் கழற்றுவாள். நார்த்தங்காயும் விரல் பட்டதும் அவள் சிரித்ததும் எல்லாமே கழற்றிய பிறகு நடந்தவை.

ரஸியா வில்லைகளை எடுத்தாள். அவர் விரித்த கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார். ரஸியா தயங்கிக் கேட்டாள்.

"ஐயா, இந்த அறையைக் கட்டறதுக்காக இளமதி மேடத்தோட பழைய குறிப்பேடெல்லாம் படிச்சேன். நீங்க சுத்துதுன்னு சொன்னதுக்குப் பக்கத்துல, பல இடத்துல பென்சில்ல 'பொய்'னு எழுதியிருக்காங்க. இன்னைக்கு நான் எப்படி எழுதட்டுங்க?"

நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட இளமதி அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"பொய்னு எழுதிட்டு, அந்த மாதிரிகளை என்ன பண்ணியிருக்கா?"

"திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒண்ணு விடாம."

"அப்ப நீயும் அப்படியே பண்ணு, அம்மிணி."

ரஸியா மேசை இழுப்பறையைத் திறந்து பென்சில் தேடத் தொடங்கினாள்.