ஏலம் போன காய்ச்சல் கொட்டகை

அத்தனை நீளமான கல் மேடையில் கந்தப்பன் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தான். நெரிசலான ரயில் பெட்டியில் தூங்கிப்போனவனைப் போல முழங்காலை மார்போடு மடக்கி, தோளைக் குறுக்கி, ஒரு கையை மட்டும் மேடைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தான். ஒரு லயத்தின் வரிசை வீடுகளில் இருக்கிற ஜனமே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய மேடை. விறகு எடுக்க வந்த வேலாயி அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, இம்புட்டு எடம் கெடக்கு. நல்லா நீட்டிப் படுத்தா என்னங்க?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"எடமில்ல புள்ள."

தூக்கக் கலக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் விறகோடு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அந்தக் கட்டடத்துக்கு அவர்கள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கொட்டகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாக நீளமாகக் கிடந்தது அது. வாசலுக்கு மேலே ராணி காலத்துக் கிரீடம் செதுக்கிய கல் ஒன்று பாசி பிடித்துப்போய் இருந்தது. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகு, இந்த மாதிரிப் பழைய கட்டடங்களெல்லாம் அரசாங்கத்துக்கு வேண்டாத சொத்தாகிவிட்டன. இது சரித்திரச் சின்னம், விற்கக்கூடாது என்று யாரோ பேப்பரில் எழுதினார்களாம். பராமரிக்கப் பணமில்லை என்று பதில் வந்ததாம். கடைசியில் ஹட்டனில் பழைய இரும்பும் மரமும் வாங்கி விற்கிற பைஸர் முதலாளி ஏலத்தில் எடுத்தார். கூரைத் தகரத்தையும் உத்திரத்து மரங்களையும் கழற்றி விற்றாலே அவருக்குப் போதும்.

கந்தப்பனையும் வேலாயியையும் அவர் பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு பார்த்தார். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வேலாயியைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தைக்குக் கந்தப்பன் திருப்பி ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். அவர்கள் போக மறுத்தபோது லயத்துக் காம்பராவின் கதவைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பிரஜாவுரிமைக்குப் போட்ட மனுவும் அந்த மாதமே தள்ளுபடியாகி வந்தது. நீங்கள் இந்தியாக்காரர்கள் என்றார்கள். அந்த இந்தியாவைக் கந்தப்பனும் பார்த்ததில்லை, அவனைப் பெற்றவனும் பார்த்ததில்லை. பாசி பிடித்த கட்டடத்துக்குக்கூட எல்லைக் கல்லும் உறுதிப் பத்திரமும் இருந்தன. அவர்கள் இருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

"ஒங்களுக்கும் ஒதுங்க ஒரு எடமாச்சு, எனக்கும் தகரத்துக்குக் காவலாச்சு" என்றார் பைஸர். "ஆனா ஒண்ணு கந்தப்பா. அரசாங்க ஆள் வந்து ஒப்படைக்கிற அன்னைக்கு உள்ளுக்கு ஒருத்தரும் இருக்கப்படாது. ஆளில்லாத கட்டடம்னுதான் எனக்கு வித்திருக்காங்க."

தகரத்துக்குக் காவலாகக் கந்தப்பன் பெரிய கூடத்தில் படுத்தான். அடுப்பு இருந்த பக்கத்து அறையில் வேலாயி படுத்தாள்.

முதலில் அவளுக்கு எட்டியது வாசனைதான். ஐப்பசி மாதம். மத்தியானம் திரும்பினால் போதும், காட்டுப் பக்கமிருந்து பனி இறங்கி, முதலில் தேயிலையை மூடி, பிறகு பாதையை மூடி, பிறகு ஜன்னல் கம்பிகளுக்கிடையில் புகை மாதிரி உள்ளே வரும். அந்த நேரத்தில் கூடத்திலிருந்து ஈரக் கம்பளி நாறும். கொழுந்துக் காட்டில் நாளெல்லாம் நனைந்து ஊறிய கம்பளியின் வீச்சம் அவளுக்குத் தெரியாததா? ஆனால் கந்தப்பனிடம் இருந்தது ஒரே ஒரு கம்பளி. அதுவும் கொடியில் காய்ந்து மொடமொடவென்று கிடந்தது.

பிறகு இருமல். பலத்த இருமல் இல்லை. பக்கத்தில் ஆள் தூங்கும்போது அவரை எழுப்பிவிடக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்களே, அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று கேட்கும். அடங்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று கேட்கும். கந்தப்பனுக்குத்தான் நெஞ்சில் சளி என்று அவள் கொத்தமல்லி கொதிக்க வைத்து எடுத்துப் போவாள். போனால் அவன் மேடையோரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருமல் அவனுக்குப் பின்னால் கேட்கும்.

"இன்னும் கொஞ்சம் கொண்டா" என்றான் ஒருநாள்.

"ஒங்களுக்கு இது போதாதாங்க?"

"எனக்கு வேணாம்."

அவன் வேலை தேடிப் போவதை நிறுத்தினான். வெயில் அடிக்கும்போதும் வெளியே வருவதில்லை. அவள் சுட்ட ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி மேடை நெடுக வைத்துக்கொண்டே போனான். அவள் பார்த்தபோது ரொட்டித் துண்டுகள் அப்படியே இருந்தன. ஆனால் தொட்டதும் சாம்பலாய் உதிர்ந்தன. தண்ணீர்ப் பானை மட்டும் ஒவ்வொரு நாளும் காய்ந்து கிடந்தது. அடியில் ஈரம்கூட இல்லை.

வேலாயி தண்ணீர் எடுக்கக் குடத்தோடு பீலிக்கரைக்குப் போனாள். கீழ்த் தோட்டத்து வீரம்மா அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரே பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்து ஒன்றாய்க் கொழுந்தெடுத்தவள்தான்.

"அந்தக் கட்டடத்துல முன்ன என்ன இருந்துச்சு வீரம்மா?"

வீரம்மா துணியைக் கல்லில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியாதா? காச்சக் கொட்டகைடி அது. அந்தக் காலத்துல இந்தியாவுலருந்து வந்து கரையில எறங்கி நடந்தே வந்தாங்கல்ல நம்ம சனங்க, அதுல பேதி, காச்சல் கண்டவங்கள தோட்டத்துக்குள்ள விடாம அதுல போட்டு வெளிய பூட்டிருவாங்களாம். கொணமானா தொறந்து விடுறதாம்."

"அப்புறம்?"

"ஒரு மழைக் காலத்துல பூட்டுனவங்க வரவே இல்லையாம். பாதை சரிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களாம்." வீரம்மா துணியைப் பிழிந்தாள். "நீ எங்கூட வந்துரு. அடுப்புப் பக்கத்துல ஒரு மூலை இருக்கு. கங்காணி கண்ணுல பட்டா எம்பேரையும் வெட்டிருவான், அத அப்புறம் பாத்துக்கலாம். ஒம் புருசனக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே வந்துரு."

வேலாயி குடத்தைக்கூட எடுக்காமல் மேட்டில் ஏறினாள்.

கூடத்துக்குள் பனி முழங்கால் அளவுக்கு நின்றது. கந்தப்பன் ஓரத்தில் இல்லை. மேடையின் நடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டும் தாடையை முட்டின. அவள் கிட்டப் போனாள். அவன் சட்டை போடவில்லை. இரண்டு மேல் கைகளின் சதையும் பக்கவாட்டில் தட்டையாக அமுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ, அப்படி. இரண்டு பக்கமும் யாரும் இல்லை.

"ஏங்க. எந்திரிங்க. போயிரலாம்."

"கேக்குறாங்க புள்ள."

"யாருங்க?"

"எப்ப தொறந்து விடுவீங்கன்னு கேக்குறாங்க. நான் காவக்காரன்ல. எங்கிட்டத்தான கேப்பாங்க." அவன் உதடு வெடித்திருந்தது. "கதவு தொறந்துதான் இருக்குன்னு சொல்லிட்டேன். தொறந்திருந்தா மட்டும் எங்க போறதுன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. ஆள் வரவில்லை. பலகைகளுக்கிடையில் செருகியதைப் போல இறுகியிருந்தான். மேடையில் காலை உதைத்து இன்னும் பலமாக இழுத்தாள். அவன் முனகினான். அவன் முனகியதும், அந்த முனகல் மேடை நெடுகப் போயிற்று. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு. சுவரின் கடைசி மூலை வரைக்கும்.

அவள் கையை விட்டாள்.

மூச்சு. எல்லாப் பக்கமும் மூச்சு. சூடாக. காய்ச்சல்காரர்களின் மூச்சு.

ஓடினாள்.

அன்று அவள் வீரம்மாவின் அடுப்படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். கண்ணை மூடினால் கையில் அவன் கையின் சூடு. விடிந்ததும், கண்ட கண்ட சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு திரும்ப மேலே ஏறினாள். புருஷனை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை.

பாதையில் பைஸர் முதலாளியின் லொறி நின்றது. கட்டடம் ஒப்படைக்கிற நாள் அது. முன்னால் குடை பிடித்துக்கொண்டு டவுனிலிருந்து வந்த அதிகாரி நின்றார். கழற்றுகிற ஆட்கள் கடப்பாரையும் கயிறுமாகப் பின்னால் குந்தியிருந்தார்கள்.

"முதலாளி, அவரு உள்ளதான் இருக்காரு! மேடை நடுவுல. வெளிய எடுக்க முடியலீங்க!"

பைஸரின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்ன சொன்னேன் வேலாயி? இன்னைக்கு உள்ளுக்கு ஆள் இருக்கப்படாதுன்னு சொல்லல்லியா?"

எல்லோரும் உள்ளே போனார்கள். காலை வெளிச்சம் ஜன்னல் வழியே கோடு கோடாக விழுந்தது. மேடை வெறுமையாய்க் கிடந்தது. கந்தப்பனின் கம்பளி மட்டும் மடித்து வைத்திருந்தது. அதிகாரி கூடத்தின் நடுவில் நின்று உரக்க ஒரு தடவை கூப்பிட்டார். அந்த மாதிரிக் காலிக் கூடத்தில் குரல் சுவரில் மோதித் திரும்ப வேண்டும். வரவில்லை. ஆட்கள் நிறைந்த இடத்தில் பேசினால் குரல் அமுங்குமே, அப்படி அமுங்கிப்போனது. வேலாயிக்கு மட்டும் அது உறைத்தது.

"கவுருவத் நே" என்றார் அதிகாரி சிங்களத்தில். ஒருத்தரும் இல்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"இங்கதாங்க இருக்காரு. ஐயா, ஒருக்கா நல்லாப் பாருங்க. இந்த எடத்துலதான்!"

"யாரு?" என்று அதிகாரி உடைந்த தமிழில் கேட்டார். "புருசன் பேர் எந்தத் தோட்டத்தில் இருக்கு? இந்த நாட்டில் பதிவு இருக்கா?" அவள் மேடையைக் கையால் தட்டிக் காட்டினாள். "இல்லாத ஆளை எங்கே தேட?"

அவர் போய்விட்டார். பைஸருக்கு மனசு கேட்கவில்லை. "எங்கயாச்சும் வேல தேடிப் போயிருப்பான். டவுன்ல நான் விசாரிக்கிறேன்" என்று சொல்லி, அவள் பக்கம் பார்க்காமல் ஆட்களுக்குக் கை காட்டினார்.

ஆட்கள் கூரையில் ஏறினார்கள். ஆணி பிடுங்கும் சத்தம் மலையெல்லாம் கேட்டது. தகரம் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்கியது. பிறகு உத்திரங்கள் இறங்கின, வாசல் கதவும் கழன்றது. இத்தனை காலமாக வானத்தைப் பார்க்காத கூடம் மத்தியானத்துக்குள் திறந்து கிடந்தது. வேலாயி வாசலுக்கு எதிரே, சீமெந்து முற்றத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீரம்மா வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மழை பிடித்தது. ஆட்கள் லொறிக்குக் கீழே ஓடி ஒதுங்கினார்கள். பைஸர் முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினார். மலைநாட்டு மழை, கல்லை வாரி எறிகிற மாதிரிக் கொட்டியது. கூரையில்லாத கூடத்துக்குள் நேராக இறங்கியது. கதவில்லாத வாசல் வழியே வேலாயி மேடையைப் பார்த்தாள்.

கல் நனைந்து கறுத்தது. எல்லா இடமும் இல்லை.

வெளிறிய திட்டுகள். காய்ந்த திட்டுகள். ஒன்றை ஒட்டி ஒன்று. மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், விரல் நுழைய இடைவெளி இல்லாமல், ஆள் உட்கார்ந்த அகலத்தில். சிறிய திட்டுகளும் இருந்தன. பெரியவற்றின் மடியில். அவற்றுக்கு மேலே மழை அந்தரத்தில் உடைந்து தெறித்தது. தலை உயரத்தில். தோள் வளைவில்.

நடுவில் ஒன்று. அந்தத் தோளை அவளுக்குத் தெரியும்.

"ஏங்க" என்றாள்.

கடைசி முனையில் ஒரு திட்டு நனைந்தது. அடுத்தது நனைந்தது. அதற்கடுத்தது. எழுந்துகொண்டிருந்தார்கள். வரிசையாக. அவசரமில்லாமல். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை; கூரையைத்தான் எடுத்துவிட்டார்கள்.

முற்றத்துச் சீமெந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு நடுவில், வாசல்படிக்குக் கீழே, காய்ந்த பாதம் ஒன்று பதிந்தது. ஐந்து விரலும் தெளிவாக. அதற்கு முன்னால் இன்னொன்று. பின்னால் நிறைய. சிறிய பாதங்களும். லொறிப் பக்கம் திரும்பவில்லை. காட்டுப் பக்கமும் திரும்பவில்லை.

நேராக அவளை நோக்கி.

வேலாயி எழ முயன்றாள். அதற்குள் பாதங்கள் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. பக்கத்தில் நின்றன. பின்னால் நின்றன. நெருங்கின. அவள் தோள் இரண்டும் அமுங்கின.

ஈரக் கம்பளி வாசனை.

மலை முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை.