மகள் ஆன்லைனில் இருக்கிறாள்!

டிங்!

ஆபரேட்டரம்மாவின் போன் கூப்பிட்டது.

மகளிடமிருந்து!

பாய்ந்து எடுத்தாள். நெஞ்சின் நடுவே ஆபரேஷன் தையல் சுரீர் என்றது. இருக்கட்டும்... பெண்ணை விடத் தையலா பெரிது?

'அம்மா, இன்னைக்கும் வீடியோ முடியாதும்மா. உன் பக்கம் நெட் இழுக்குது. எழுத்துலயே பேசிக்கலாம்.'

அவ்வளவுதான்!

தொலைபேசி நிலையத்தில் ஆயுள் முழுக்க ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் அவள். யார் யாரோ பெற்ற பிள்ளைகளை அவரவர் தாய்மாரோடு இணைத்து வைத்தவள்.

இன்றைக்குத் தன் பெண் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு லைன் இல்லை.

இதய ஆபரேஷனுக்கு முன்னால், கடல் கடந்து வேலைக்குப் போயிருந்த மகள் வீடியோவில் வந்து சிரித்தாள். தாய் கண் விழித்து வீடு திரும்பிய பிறகோ... முகமும் இல்லை, குரலும் இல்லை. வெறும் எழுத்து!

"என்னங்க..."

கூடத்து மூலையில் வீட்டுக்காரர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆகி எங்கேயும் போகாத மனிதர். ஆனால் ஷூ மட்டும் தினமும் பளபளக்கும்!

"ம்."

"நெட்ட மாத்தப் போறேன்."

"ம்."

"எந்தக் கம்பெனின்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்குற முத்து கொட்டிடுமா?"

"ம்ஹும்."

மாடிப்படியில் காலடிச் சத்தம். மாப்பிள்ளை! மேல் வீட்டில் தனியாக இருக்கிறான். அங்கே ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும்; ராத்திரியில் கூரை வழியாக விசும்பல் கேட்கும். தாடி மண்டிய முகம்... குழி விழுந்த கண்கள்...

"எதுக்கு அத்தை வீண் வேலை? இருக்கறதே போதும்."

"போதுமா? மூணு கம்பெனியையும் சலிச்சுப் புடைச்சுட்டேன் மாப்பிள்ளை. நம்ம கேபிள்காரன் லைன்ல, சாயங்காலம் தெருவே சேர்ந்து உறிஞ்சுறப்ப நமக்குச் சொட்டுதான். டவர் பெட்டின்னு ஒண்ணு. ஒயரே வேணாம், ஆனா ஜன்னல்ல தூக்கி வெச்சாத்தான் உசிரு வருமாம். மூணாவது, கண்ணாடி இழை, ஃபைபருங்கறாங்களே அது."

"அதெல்லாம் முதல்ல தேனு, அப்புறம் தேளு. மழை வந்தா படுத்துக்கும்."

"மழைக்குப் படுக்கறது பழசு. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரையே கேட்டுட்டேன்."

"வேகமெல்லாம் விளம்பரத்துல மட்டும்தான் அத்தை..."

"வேகத்தையா கேட்டேன்? கெட்டுப்போனா ஆள் எவ்வளவு சீக்கிரம் வருவான்னு கேட்டேன். லைன்மேன் வீடு அடுத்த தெருவாம்! போதாதா? நாளைக்கே வர்றார். நாளைக்கு என் பொண்ணு மூஞ்சியப் பாத்துடுவேன்!"

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது!

படிக் கைப்பிடியை இறுகப் பற்றினான்.

அவளும் பார்த்தாள்.

பெண்டாட்டி முகத்தை வீடியோவில் பார்க்கலாம் என்றால் புருஷன் சந்தோஷப்படவேண்டாமா? இவன் ஏன் பயப்படுகிறான்...?!

*

மறுநாள் காலை.

பெரிய மீசையும் தோளில் ஒயர்ச் சுருளுமாக லைன்மேன் வந்தார். சுவரில் துளை போட்டார். புதுப் பெட்டியை மாட்டினார்.

"அம்மா, பழசக் கொஞ்ச நேரம் பிடுங்கி வெக்கறேன். அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம். என் போன்லேருந்து உங்களுக்கு நெட் தர்றேன்."

"மகராசனா இரு தம்பி."

தட்டினாள். 'கண்ணு, புது லைன் வந்தாச்சு. வீடியோவுக்கு வா.'

ஒரு டிக்.

மகளுக்குப் போய்ச் சேரவில்லை.

"பழசத் திரும்பச் சொருகறேம்மா. ரெண்டுல எது தேவலைன்னு அளந்து பாத்துடலாம்."

சொருகினார்.

ரெண்டாவது டிக்!

ஆபரேட்டரம்மாவின் புருவம் சுருங்கியது. லைனை வெட்டி, ஒட்டி, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது அவளுக்குக் கைவந்த தொழில் அல்லவா?

"தம்பி... பழசப் பிடுங்கு."

பிடுங்கினார். 'கண்ணு' என்று அனுப்பினாள். ஒரு டிக்.

"சொருகு."

ரெண்டு டிக்!

"மறுபடியும் பிடுங்கு..."

ஒரு டிக்.

"சொருகு!"

ரெண்டு டிக்!

லைன்மேனின் மீசை துடித்தது. குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு எந்த தேசத்துல இருக்கறதாச் சொன்னீங்க?"

"கடலுக்கு அந்தாண்ட..."

"இல்லம்மா. நம்ம வீட்டு லைனப் பிடுங்கினா அந்தப் போனுக்கு நெட் அத்துப்போகுது. சொருகினா வருது. அந்தப் போன்... இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு!"

அவள் பார்வை மாடிப்படிக்குப் போனது.

போன் இங்கே... அப்படியானால் பெண்?

மேல் வீட்டில் பூட்டியே கிடக்கும் அந்த அறை! கூரை வழியாகக் கேட்ட விசும்பல்! 'இருக்கறதே போதும் அத்தை!'

"பாவி... என் பொண்ண என்னடா பண்ணினே!"

கத்தினாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"தம்பி... போலீஸக் கூப்பிடு."

*

பெண் இன்ஸ்பெக்டர் மாடியேறினாள். பூட்டிய அறை திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. மகளின் புடவைகள் மட்டும், மடிப்புக் கலையாமல்.

மாப்பிள்ளையைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்து வந்தார்கள்.

"போன் எங்கடா?"

"தெரியாது மேடம்."

"பொண்டாட்டி எங்க?"

அவன் அத்தையைப் பார்த்தான். உடனே கண்ணை மூடிக்கொண்டான்.

பளார்!

இன்ஸ்பெக்டரின் கை மறுபடியும் ஓங்கியது...

"அவன அடிக்காதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

வீட்டுக்காரர்!

கையில் பாலிஷ் பெட்டி. மூடியைத் திறந்தார். பிரஷ்ஷுக்கு அடியில், பழந்துணியில் சுற்றி... மகளின் போன்!

"நான்தான்."

"நீங்களா?!"

"நீ... ஐ.சி.யூ.ல கெடந்தப்ப..." போனை அவளிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை முடித்தான்.

"அங்க ரோட்டக் கடக்கும்போது அவள லாரி அடிச்சுடுச்சு அத்தை. ஆபீஸ் வேலைன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டு ஓடினேன். அங்கேயே எரிச்சுட்டு, அவ போனோட திரும்பி வந்தேன். சின்ன அதிர்ச்சி கூட நீங்க தாங்க மாட்டீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்குச் சொல்லிடலாம்... நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

"எழுதினது?"

"மாமாதான். நான் எழுத உக்காந்தா அழுகைதான் வந்தது."

அவள் அலறவில்லை.

அந்தப் போனை வாங்கினாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். தான் முத்தமிட்டு முத்தமிட்டுப் படித்த வரிகள்!

'ராத்திரி இருமினியே, மாத்திரை போட்டியா?'

இருமினது இங்கே. கடலுக்கு அந்தாண்டை எப்படிக் கேட்டிருக்கும்? அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்! மகள் பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

'நீலப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு.'

'நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீடு வீடா இல்லம்மா.'

கட்டின நாளிலிருந்து 'ம்' தவிர வேறு கேட்காதவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு பேச்சு உங்களுக்குள்ள இருந்துச்சா? அதைச் சொல்ல... நம்ம பொண்ணு சாகணுமா?"

அவர் நெஞ்சில் குத்தினாள். குத்தின இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது... அணை உடைந்தாற்போல!

மாப்பிள்ளை படிக்கட்டிலேயே உட்கார்ந்து விம்மினான். அவனையும் கைநீட்டி இழுத்துக்கொண்டாள். "உன்னையப் போய் கொலைகாரன்னு நெனச்சேனேடா, என் ராசா..."

"அம்மா..." இன்ஸ்பெக்டர் செருமினாள். "ஆள்மாறாட்டம். நீங்க எழுதிக் கொடுத்தா கேஸ் போடலாம். போடவா?"

அவள் தலை இடமும் வலமுமாக ஆடியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

*

சில வாரங்கள் ஓடின.

அழுது தீர்த்துவிட முடிகிற துக்கமா அது? தீரவில்லை. முன்பு கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது, ஒரு நாற்காலியில் ஒதுங்கி உட்காரப் பழகியிருந்தது. அவ்வளவுதான்.

லைன்மேன் வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அம்மா... ரெண்டு லைனும் தொங்குது. ஒண்ணக் கழட்டியாகணும். எதைன்னு நீங்கதான்..."

அவள் வாய் திறப்பதற்குள், உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல்.

"மா..."

காத்திருந்தாள்.

"மாத்திரை..."

காத்திருந்தாள். லைன்மேனும் காத்திருந்தார். மாடியில் மாப்பிள்ளை மூச்சைப் பிடித்தான்.

"...போட்டியா?"

"போட்டுட்டேங்க!" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"புதுசையே வெச்சுக்குங்கம்மா. மின்னல் வேகம்!" என்றார் லைன்மேன்.

ஆபரேட்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பழசே இருக்கட்டும் தம்பி. மனுஷன் இப்பத்தான் வாயத் தொறக்கப் பழகறார். மின்னலப் பாத்து மறுபடியும் மூடிக்கப் போறார்!"