பிஸ்கட் டப்பாவில் ஒரு சீட்டு

மதுமதிக்கு மூன்று வாரமாக ஒரே குழப்பம். அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவள் வளர்க்கும் உயிரணுக்கள் ஒரு பச்சைப் புரதத்தைச் செய்து மினுங்க வேண்டும். கொஞ்சம் சூடாக்கினால் போதும்... புதிதாக ஒன்றுகூடச் செய்வதில்லை. செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. அழிந்துபோனதோ என்று பார்த்தால், அது அப்படியே இருக்கிறது! செய்தி இருக்கிறது, வேலை நடக்கவில்லை. ஏன்?

அதே யோசனையோடுதான், கொட்டும் மழையில், மேற்கு மாம்பலத்துச் சந்திலிருந்த தையல் கடைக்குள் நுழைந்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா தீபிகாவுக்கு நிச்சயதார்த்தம். தங்கைக்காக அக்கா தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க வேண்டும்.

“ரெடியா?”

மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த சேரன் நிமிர்ந்தான். இமையில் ஒரு மழைத்துளி... அவள் சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டாள்.

“துணி கீது மேடம். சீட்டும் கீது. ஜாக்கெட்தான் இல்ல.”

இங்கேயும் அதே கதையா! “இன்னைக்கு வரச் சொல்லிட்டு... கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?”

அவன் முகம் சுருங்கியது. “நேத்து கடைக்குள்ள முட்டியளவு தண்ணி. பொறுப்பு இல்லாதவன்கிட்ட ஏன் துணி தரீங்க? எடுத்துக்கினு போங்க.” பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி, அவளுடைய அளவுச் சீட்டைத் தேடினான். “தண்ணி வந்ததும் மொதல்ல சீட்டெல்லாம் அள்ளி இதுல போட்டேன். நனைஞ்சா அழிஞ்சிடும்ல? தண்ணி வடிஞ்சதும் ஒண்ணொண்ணா எடுத்துத் தைப்பேன்.”

மதுமதி அப்படியே நின்றாள்.

“என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க!”

“இன்னா மேடம், மறுபடி திட்டவா?”

“இல்லைங்க! என் ஆய்வுக்கூடத்துல சூடு பட்டா உயிரணுக்கள் பச்சைப் புரதம் செய்யறதையே நிறுத்திடுது. ஒவ்வொரு உயிரணுவும் ஒரு தையல் கடை. டி.என்.ஏ. உங்க அளவு நோட்டு... இடத்தை விட்டு நகராது. ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து எழுதின சீட்டு. அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிற புரதங்கள் இருக்கு. எப்போ தைக்கணும், எப்போ கிழிக்கணும்னு அதுங்க கையிலதான் இருக்கு. சூடு வந்ததும் சீட்டையெல்லாம் அள்ளி டப்பாவுல போட்டிருக்குங்க! நான்தான் டப்பா திறக்கிற வரைக்கும் காத்திருக்கல...”

“அப்ப நான் புரதமா?” அவன் கண்கள் முதல்முறையாகச் சிரித்தன.

“ஆமா! துணி இங்கேயே இருக்கட்டும்!” என்று மழையிலேயே ஓடினாள்... மன்னிப்புக் கேட்காமலே.

அந்த உறுத்தல் இரண்டு நாள் கூடவே வந்தது. கூடவே அந்த இமை, அந்தத் துளி...

சனிக்கிழமை ஜாக்கெட் தயாராக இருந்தது. விரித்துப் பார்த்தாள். தைத்து முடித்ததும் கழற்றவேண்டிய சீட்டு, உள்துணியில் குண்டூசியோடு அப்படியே இருந்தது. திருப்பினாள்.

“ஐயோ, அது...” சேரன் கை நீட்டினான். அதற்குள் படித்துவிட்டாள்.

‘திட்டிக்கினே யோசிக்குது இந்தப் பொண்ணு. மறுபடி வரணும், முருகா.’

“எழுதிட்டேன்... சொல்லத்தான் வரல. நீங்க படிச்சவங்க...”

“சீட்டு இருந்தும் வேலை நடக்கலையா?” அவள் குரல் தழைந்தது. “எனக்கும்தான். அன்னைக்குத் திட்டினது தப்புன்னு சொல்லணும்... உங்களைப் பிடிச்சிருக்குன்னும் சொல்லணும். ரெண்டையும் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன்.”

வெளியே மழை விட்டிருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவன் நூல்கண்டை உருட்டினான்.

“ஆமா... உங்க பச்சைப் புரதம் இன்னாச்சு?”

“சூட்டைக் குறைச்சுட்டு ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். புரதங்கள் பிடியை விட்டுச்சு. சீட்டு வெளியே வந்துச்சு. பச்சை மினுங்கிச்சு.”