ஹம் இருக்கா?

"அந்தப் பெட்டியத் தொறங்கப்பா."

என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று அம்மா அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்குக் கரண்ட் போய் இருபது நிமிடம் ஆகிறது. காற்றாடி நின்று, ஃபிரிட்ஜ் நின்று, மாடி வீட்டு மோட்டாரும் நின்று, மத்தியான வெயிலில் வீடே காது அடைத்தாற்போலக் கிடந்தது. பின்னறை மேசை மேல், பழுப்பேறிய துணி போர்த்திய ஸ்பீக்கர் வழியாக, அப்பா கட்டிய, பாட்டைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி மட்டும் முனகிக்கொண்டே இருந்தது.

அப்பா அவள் உதட்டைப் பார்த்தார். முப்பது வருடம் தகரம் வெட்டும் பட்டறையில் நின்று காதைத் தொலைத்தவர். வீட்டுக்குள் எல்லாப் பேச்சையும் உதட்டில்தான் படித்துக்கொள்வார்.

"நாலு வருஷம் காலேஜ் போனது ஸ்க்ரூ கழட்டவா?"

அது அவருடைய பழைய நக்கல். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள், அதுவும் எலெக்ட்ரானிக்ஸில். ஆனால் இந்த அறையில் அவளுக்கு ஒரே ஒரு பட்டம்தான். காது. 'என் காது எங்க?' என்றுதான் கூப்பிடுவார். தினமும் சாயங்காலம் ஈயம் உருகும் புகைக்கு நடுவே அவளை ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்து, ஹம் இருக்கா, அதாவது அடியில் அந்தக் கரண்ட் முனகல் கேட்கிறதா, என்று கேட்பார். இல்ல என்று அவள் சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் அம்மா இருந்தாள், இருபது வருடம்.

ஹம் எப்போதும் இருந்தது. இருக்கு என்று சொன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு முதலிலிருந்து ஈயம் வைப்பார், மூன்று நாளைக்குச் சோறு இறங்காது, யார் எதிரே வந்தாலும் எரிந்து விழுவார். 'இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன், வீடு நிம்மதியா இருக்கும்' என்று அம்மாதான் பழக்கினாள். அந்த ஒரு வார்த்தையில்தான் வீடு ஓடியது.

இன்று ஐந்தரைக்கு அவளுக்குப் பஸ். திங்கட்கிழமை வேறொரு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். இந்த ஒரு பெட்டி முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போ என்று ஒரு வாரமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய எந்தப் பெட்டியும் முடிந்ததில்லை. இன்று போகாவிட்டால் எப்போதும் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

போகிற வழியில் இந்தச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் பின்னறைக்கு வந்தாள்.

கரண்ட் போனாலும் பெரிய கண்டென்சரில் மிச்சமிருக்கும் கரண்ட் மூன்று நாலு நொடி பாட்டை இழுக்கும், அப்புறம் தேய்ந்து அடங்கும். இருபது நிமிடமெல்லாம் இழுக்காது. ஆம்பின் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்தாள். பிளக் தரையில் கிடந்தது. அதன் மேல் மெல்லிய தூசி. பாயின்ட்டில் சொருகியிருந்தது ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன், காலையிலிருந்து.

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அப்பா தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவில் எதையோ துழாவினார்.

நாலு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கியதும் வார்னிஷ் வாசனை வந்தது, அதற்குக் கீழே இன்னொரு வாசனை, பூட்டிய அறையில் நெடுநேரம் தூங்கியவர்களின் மூச்சு வாசனை. உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு கண்டென்சர், அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பசை தடவி இறுக்கிய பவர் டிரான்சிஸ்டர்கள். பாட்டு உள்ளே வரும் ஒயரைக்கூட ஹம் பார்ப்பதற்காக அப்பா கிரவுண்ட் ஒயரோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். இப்படி முறுக்கினால் ஸ்பீக்கருக்குப் போகப் பாட்டோ குரலோ எதுவுமே இருக்காது.

கண்டென்சரின் இரண்டு காலையும் டிரைவரால் தொட்டாள். மிச்சம் இருந்தால் பொறி பறக்கும். பறக்கவில்லை. காலி.

முனகல் நிற்கவில்லை.

தகட்டின் மேல் விரலை வைத்தாள். சூடு. இரும்புச் சூடு இல்லை. காய்ச்சல்காரியின் நெற்றிச் சூடு.

"ஹம் இருக்கா?" முதுகைக் காட்டிக்கொண்டே அப்பா கேட்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

"இல்ல."

ஸ்பீக்கரிலிருந்து. கொஞ்சம் மூக்கால், கடைசி எழுத்தை அலுத்துக்கொண்டு இழுக்கிற அந்த இழுப்பு. அம்மா.

அப்பா தலையை ஆட்டினார். திரும்பிப் பார்க்காமலேயே ஆட்டினார். கதவை உடைத்தால்கூடக் கேட்காத மனுஷனுக்கு அது கேட்டது.

கடைசி ஒரு வருடம் அம்மாவுக்குக் குரல் வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமே இல்லையே என்றார். அப்போதும் தினமும் சாயங்காலம் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், உதட்டை அசைத்தாள். அப்பாவுக்கு உதடு போதும். அம்மா ஊமையானது அவருக்குத் தெரியவே தெரியாது.

பெட்டியை விட்டுவிட்டு அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு வருடக் கோபம் ஒரேயடியாக வந்தது.

"இருக்குப்பா. எப்பவும் இருந்துச்சு. அம்மாவும் நானும் உங்கள ஏமாத்..."

பாதியில் சத்தம் நின்றது. வாய் அசைந்தது. தொண்டை அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

உதட்டைப் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் மெல்ல இருண்டது. அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், அவளுடைய குரலிலேயே, அவள் தினமும் சொல்கிற அதே அவசரத்தில், பெட்டி சொன்னது.

"இல்லப்பா."

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

"பாரேன்," என்றார். "எவ்ளோ சுத்தமா கேக்குது."

அவள் அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். வாங்கப்பா, போயிடலாம். உதடு சொன்னது. அவர் உதட்டைப் பார்க்கவில்லை. இனி பார்க்க மாட்டார். கையை விடுவித்துக்கொண்டு நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்தார்.

மூடியைப் போட்டு மூடவா. உடைக்கவா. உள்ளே அம்மா. உள்ளே இப்போது அவளும். உடைத்தால் எது மிஞ்சும்?

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

கால் இருக்கிறது. கை இருக்கிறது. திங்கட்கிழமை இருக்கிறது. குரல்தானே, வைத்துக்கொள்ளட்டும்.

பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். வாசலைத் தாண்டும்போது கரண்ட் வந்தது, காற்றாடி சுற்றியது, மாடி மோட்டார் உறுமியது. முனகல் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாடி வீட்டு அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா, ஊருக்குக் கிளம்பிட்டியா?"

ஆமாக்கா என்று வாயைத் திறந்தாள்.

"இல்ல," என்றது பின்னறை ஜன்னல், அவள் குரலில்.

அக்காவின் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நிற்கும் இவளைப் பார்த்தாள்.

இவள் வாயை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.