லிஃப்ட்காரர் கொடுத்த புகார்

"அது... உ... உ..." என்றான் அவன்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. குடை பிடித்தும் தலை முதல் கால் வரை நனைந்து வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் என்னவோ சொல்ல வருகிறான்... அவளுக்குத் தெரியாததா?

"உங்க இடமா? அப்படின்னா ஒரு கர்சீப்பைப் போட்டு வைக்கிறதுதானே சார்" என்றபடி உட்கார்ந்தாள்.

நாற்காலியின் பின்கால் மடங்கியது. கைப்பை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம், நடுவில் அவள்.

"...உடைஞ்சது" என்று அவன் முடித்தான்.

கை கொடுத்துத் தூக்கிவிட்டான். உதடு அடக்கி வைத்திருந்த சிரிப்பு கண்ணில் வழிந்தது. மழை கழுவிவிட்ட ஜன்னல் மாதிரி அப்படித் தெளிந்த கண்கள்... அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. விழுவதற்கு முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கதவின் மேலிருந்த 'பேச்சுப் பயிற்சி' என்ற பலகை கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொ... சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான் அவன், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாய் திறந்தால் முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேலைக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, ஒன்றைத் தவிர. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் 'பயப்படாதீங்க, வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்தை அவன் தாண்டுவதற்குள் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். போன் என்றாலே வியர்த்துவிடும் என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

அவளோ குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கொதிக்கிறவர்களைப் பேசியே குளிரவைப்பவள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அவன் கண்ணால் கேட்டபோது, தலைக்குள் ஒருத்தர் குடியிருக்கிறார், வாடகையும் கொடுப்பதில்லை, காலி பண்ணச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம் என்றாள். அவன் சிரிக்கவில்லை. மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தான். அந்தக் காத்திருப்பு தாங்காமல் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

மூளையின் இடது பக்கம், பேச்சு பிறக்கிற இடத்தை ஒட்டி, ஒரு புற்றுக்கட்டி. மெதுவாக வளர்கிற ரகம். இரண்டு வருஷமாக ஸ்கேன் எடுப்பதும் மாத்திரை போடுவதுமாக அதோடு குடித்தனம் நடத்திவிட்டாள். இந்த முறை ஸ்கேனில் அது பெரிதாகியிருந்தது. இனி சும்மா இருக்க முடியாது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ஆபரேஷன். நடுவில் அவளை விழிக்கவைத்து, படங்களைக் காட்டிப் பேர் சொல்லச் சொல்லி, பேச்சு எங்கே இருக்கிறதென்று பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள். முடிந்தவரை எடுத்துவிட்டால் கூடுதலாக வருஷங்கள் கிடைக்கலாம். ஆனால் பேச்சு தடுமாறலாம், குறையலாம், திரும்பாமலே போய்விடலாம். இன்னொன்று, கத்தி வைக்காமல் கதிர்வீச்சும் மருந்தும். பேச்சுக்கு இப்போதைக்கு ஆபத்து குறைவு. ஆனால் கட்டி உள்ளேயே இருக்கும், எத்தனை காலம் அடங்கிக் கிடக்கும் என்று சொல்வதற்கில்லை. இரண்டிலும் நியாயம் இருக்கிறதம்மா, முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷன் என்று முடிவானால் பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவளுடைய இன்றைய பேச்சைப் பதிவு செய்து, படம் பார்த்துப் பேர் சொல்லவும் பழக்கத்தான் இந்தப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்.

அவள் வருகிற கிழமையிலெல்லாம் அவனும் வந்தான். தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம், அவனே கேட்டுக் கிழமையை மாற்றிக்கொண்டது தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம்... அவன் தொடங்கிய வாக்கியத்தை அவள் முடித்துவிடுவாள். கேன்டீன் டீ என்று அவன் ஆரம்பித்தால் ஓடிப்போய் வாங்கிவந்து நீட்டுவாள். அவன் சொல்ல வந்தது, கேன்டீன் டீ வாயில் வைக்க விளங்காது என்பதாக இருக்கும். பாவம், அதையும் குடித்து வைப்பான். ஒருநாள் சொல்லிவிட்டான்.

"வாக்கியம் எ... என்னோடது. எங்க போய் முடியணும்னு அதுக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் வ... வழி விட்டா போதும்."

அன்று முழுக்க அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வழி விட்டாள். வாயாடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் கவனித்தாள்... சொல் அவன் உதட்டுக்கு வருவதற்கு வெகுமுன்பே கண்ணுக்கு வந்துவிடுகிறது. இமைக்கடியில் மேகம் மாதிரி கூடுகிறது. கருக்கிறது. சத்தம் அதற்கும் அப்புறம்தான். இத்தனை பக்கத்தில், இத்தனை நேரம் ஒருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இதைவிட நல்ல சாக்கு அவளுக்கு வாய்த்ததில்லை.

வீட்டில்தான் வழி விட ஆளில்லை. பெற்றவர்கள் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கிய அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியிலிருக்கும் பிரேக்கை அழுத்தி அழுத்தியே பழகிப்போனவர். கத்தி என்ற பேச்சே கூடாது, கதிர்வீச்சுதான் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். அண்ணி ஆபரேஷன் கட்சி. சாப்பிடும்போது இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலாகவே வாதாடினார்கள். தலை அவளுடையது என்பது மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

லிஃப்ட்காரன் ஒருவன்தான் எதுவும் சொல்லாதவன். முதலில் அது நிம்மதியாக இருந்தது. முடிவு சொல்ல வேண்டிய நாள் நெருங்க நெருங்க, உறுத்தியது. அவள் பேச்சில் அவன் அடிக்கடி வருவதைக் கவனித்த அண்ணன் அவனைத் தேடிப்போய், நீங்க சொன்னா கேட்பா தம்பி, ரேடியேஷன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கெஞ்சினாராம். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டானாம். அண்ணி வந்து சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. சொல்லத் தோன்றவில்லையா, இல்லை சொல்கிற அளவுக்கு நான் அவனுக்கு யாருமில்லையா...

அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில், சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது நேராகவே கேட்டாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அது... நா... நான்..."

வாரக்கணக்காகக் காத்திருந்து பழகியவள் அன்றைக்குக் காத்திருக்கவில்லை.

"என் இஷ்டம். அவ்வளவுதானே? பட்டும் படாமலும் இருக்க நல்லாவே பழகியிருக்கீங்க."

மழைக்குள் இறங்கி நடந்தாள். பின்னால் ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்பது தெரியும். திரும்பவில்லை. வீம்பு... அடுத்த வாரம் பயிற்சிக்கும் போகவில்லை.

மறுநாள் டாக்டரிடம் முடிவு சொல்லியாக வேண்டும் என்ற நிலையில், அலுவலகத்தில் போன் மணி அடித்தது. வணக்கம், குடிநீர் புகார் பிரிவு என்றாள். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. லைன் செத்துப்போச்சு, வைச்சிடு என்றாள் பக்கத்து மேஜைக்காரி. வைக்கப் போனாள்.

"பு..." என்றது போன்.

அந்த ஒரு எழுத்தில் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. போன் என்றால் வியர்த்துப்போகிறவன். கண்ணைக் காட்டிக் காத்திருக்கச் சொல்ல வழியில்லாத இந்தக் கருவியில் வந்து நிற்கிறான்... அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பு... புகார். ஒரு பொண்ணு மேல."

"சொல்லுங்க சார். குறுக்கே பேச மாட்டேன்."

அவன் சொன்னான். எத்தனை நேரம் எடுத்ததென்று அவள் பார்க்கவில்லை. மற்ற போன்கள் அடித்து ஓய்ந்தன. பக்கத்து மேஜைக்காரி கையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போனாள்.

"ஆபரேஷன்னா உங்க பேச்சு போயிடுமோன்னு ப... பயம். ரேடியேஷன்னா ஆளே சீ... சீக்கிரம் போயிடுமோன்னு பயம். நான் எதைச் சொன்னாலும் அது என் பயம் சொல்றதுதான். அதைக் கேட்டு நீங்க ஒண்ணு பண்ணி... அதனாலதான் சொல்லல. பி... பிடிக்காம இல்ல."

அடுத்த சொல் எதுவென்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் துடித்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

"ரொ... ரொ... ரொம்பப் பிடிக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அலுவலகக் குரலை வரவழைத்தாள். "புகார் பதிவு பண்ணியாச்சு சார். விலாசம் சொல்லுங்க, நேர்ல வந்து பார்க்கிறோம்."

சாயங்காலம் அண்ணன் பயிற்சி வண்டியில் கூட்டிப்போக வந்தார். கதிர்வீச்சுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பேசிக்கொண்டே ஓட்டினார். பக்கத்து சீட்டிலிருந்தவள் காலடியிலிருந்த பிரேக்கை மெதுவாக அழுத்தினாள். வண்டி ஓரமாக நின்றது. அண்ணன் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ணிக்கப்போறேண்ணா. திக்கிப் பேசினாலும் அது பேச்சுதான்னு இந்தக் கொஞ்ச நாள்ல தெரிஞ்சுக்கிட்டேன். வராமலே போச்சுன்னா எழுதிக் காட்டுறேன். எனக்கு வருஷம் வேணும்."

அண்ணன் ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். வைப்பர் போய்ப் போய் வந்தது. நீ பேசாத வீட்டில் நான் எப்படி பாப்பா இருப்பேன் என்றார் கடைசியில். நீங்க பேசுங்க, நான் கேட்கிறேன், இத்தனை வருஷம் உங்களை எங்க பேச விட்டேன் என்றாள். அழுதுகொண்டே சிரித்துவிட்டார். எங்கே இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

லிஃப்ட் கழற்றிப் போட்டிருந்த கட்டடம். மேல்மாடிவரை படியேறினாள். திறந்த லிஃப்ட் கதவருகே, கையெல்லாம் கிரீஸோடு அவன் நிமிர்ந்தான். மூச்சு வாங்க, முடிவைச் சொன்னாள். அவன் கண்ணில் மேகம் கூடியது... காத்திருந்தாள்.

"ப... பயமா இருக்கு" என்றான்.

"எனக்கும்" என்றாள். அந்த அழுக்குக் கையைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டு ஜன்னலில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணு இருக்கு. அப்புறம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருமோ, வராதோ. அதனால முழுசா வரும்போதே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிக்கும். நீங்க பேசுறதும் பிடிக்கும், பேச முடியாம நிக்கிறதும் பிடிக்கும். முடிஞ்ச வரைக்கும், எத்தனை வருஷம் கிடைச்சாலும், உங்ககூட இருக்கணும்."

அவன் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டான். அவள் அவசரப்படவில்லை.

"ஆ... ஆபரேஷனுக்கு அப்புறமும் இதை நான் கேட்பேன்."

"கேளுங்க" என்றாள் வாயாடி. "மெதுவா சொல்றேன்."