மாஞ்சா இல்லாத கயிறு

பெசன்ட் நகர்க் கடற்கரையில் பட்டவண்டியை ஓட்டுவதற்கு முன்பு, அது போகவிருக்கும் வழி முழுவதையும் சண்முகவடிவு ஒருமுறை நடந்து பார்ப்பாள். உடைந்த சோடாப் புட்டித் துண்டு கிடந்தால் பொறுக்கி எடுப்பாள். மணல்வீடு கட்டும் சிறுவர்களிடம், "கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன்" என்று கேட்டுக்கொள்வாள். அதன் பிறகே தலைக்கவசத்தை மாட்டுவாள். ஒரு நாளும் இந்த வழக்கம் தவறியதில்லை.

வண்டியைக் கொண்டுவந்தவர் அவளுடைய மாமா அய்யாதுரை. அவர் கப்பலில் இன்ஜினியர். தரையை ஒட்டி ஓர் இருக்கை, பருத்த மூன்று சக்கரங்கள்; மோட்டாரும் கிடையாது, பெடலும் கிடையாது. முன்சக்கரத்தைக் கால்களால் திருப்ப வேண்டும். கைகளில் இரண்டு கயிறுகள். அவற்றின் மறுமுனையில், காற்றை வாங்கி மெத்தையைப் போல உப்பி நிற்கும் பெரிய சிவப்புத் துணிப் பட்டம். கடற்காற்று பட்டத்தை இழுக்கும். பட்டம் வண்டியை இழுக்கும். ஈர மணலில் வண்டி சீறிக்கொண்டு போகும்.

மாமா கப்பலுக்குத் திரும்ப இன்னும் நான்கு நாள்களே இருந்தன. அதற்குள் இந்தக் கடற்கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, நிற்காமல் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும் என்பது வடிவின் ஆசை.

அந்தச் சனிக்கிழமை மாலை ஒரு சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. மாமா அதைக் கழற்றிக்கொண்டு சைக்கிள் கடைக்குக் கிளம்பினார்.

"பட்டத்தைப் பார்த்துக்கோ பிள்ளே, வந்துருதேன்."

வடிவு பட்டத்தை மடித்து, பறந்துவிடாமல் அதன்மேல் மணலை அள்ளி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திடீரென்று ஓர் அலறல் கேட்டது. பலூன் விற்கும் வலியுல்லா கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் இரத்தம். எங்கோ அறுந்த பட்டத்தின் நூல் காற்றில் வந்து கீறியிருந்தது. பசையில் கண்ணாடித்தூளைக் குழைத்துப் பூசிய மாஞ்சா நூல் அது. வடிவு ஓடிப்போய்த் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

கூட்டம் கூடியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீவத்சன் அதை விலக்கிக்கொண்டு வந்தார். சிவப்புப் பட்டம் அவர் கண்ணில் பட்டது.

"இத்தனை பெரிய பட்டம்னா மாஞ்சாவும் அதுக்கேத்த மாதிரிதானே இருக்கும்? யாரோடது இது?"

"என்னோடது சார். ஆனா இன்னிக்கு இது பறக்கவே இல்லை."

"மாட்டிண்டா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவா."

"இதுல மாஞ்சாவே இல்லை சார். தொட்டுப் பாருங்க."

"தொட்டுக் கையை அறுத்துக்கவா?"

ஸ்ரீவத்சன் பக்கத்தில் கடை போட்டிருந்த மாங்காய்க்காரம்மாவின் கத்தியை வாங்கி, பட்டத்தின் இரண்டு கயிறுகளையும் நடுவில் அறுத்தார். "இனிமே இந்தப் பீச்சுல உன்னைப் பார்க்கப்படாது" என்றார். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

வடிவுக்குக் காதுகள் சுட்டன. கேள்வி கேட்டவர் பதிலைக் காதில் வாங்கவே இல்லை. செய்யாத தவற்றுக்கு அவள் ஏன் தலைகுனிய வேண்டும்? திரும்பி நடந்தவரின் எதிரே போய் நின்றாள்.

"நில்லுங்க சார். இதைப் பார்த்துட்டுப் போங்க."

வலியுல்லாவின் சட்டைப் பொத்தானில் அந்த நூல் சிக்கியிருந்தது. பாவாடை நுனியால் பிடித்து அதை எடுத்தாள்.

"இதுவும் வெள்ளை, உன் கயிறும் வெள்ளை" என்றார் ஸ்ரீவத்சன்.

"பட்டம் ஒரு குட்டிக்கரணம் போட்டா என்னோட ரெண்டு கயிறும் முறுக்கிக்கும் சார். மாஞ்சா பூசியிருந்தா ஒண்ணை ஒண்ணு அறுத்துடும். அப்புறம் பட்டத்தைத் தேடி மாமா கப்பல்லதான் போகணும்."

யாரோ சிரித்தார்கள். வடிவு தன் கயிறுகளை முறுக்கி முன்னும் பின்னும் பத்து முறை இழுத்தாள். அவை வழுக்கிக்கொண்டு ஓடின. பிறகு மாஞ்சா நூலை அவற்றின்மேல் வைத்து இழுத்தாள். இரண்டாவது இழுப்பிலேயே கயிறு பிசிறடித்தது.

ஸ்ரீவத்சன் மெல்ல அவள் கயிற்றைத் தொட்டார். விரலில் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னா சாரு" என்றார் வலியுல்லா. "தெனமும் கண்ணாடி பொறுக்குற கொயந்த அது. அறுபட்டவன் நானு. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கத்தியக் குடு சாரு, மாங்காவாச்சும் வெட்டலாம்" என்றார் மாங்காய்க்காரம்மா.

ஸ்ரீவத்சன் குனிந்து, வடிவின் காதருகே முணுமுணுத்தார். "தப்புதாம்மா. மன்னிச்சுடு."

"திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சு சார். இதை மட்டும் எனக்குத் தனியாச் சொல்றீங்களே."

அந்நேரம் மாமா சக்கரத்தோடு திரும்பி வந்தார். அறுந்த கயிறுகளைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. "எவம்ல அறுத்தது?"

"நான்தான் சார்" என்றார் ஸ்ரீவத்சன். கடற்கரைச் சுவரின்மேல் ஏறி நின்றார். "இந்தக் குழந்தை மேல ஒரு தப்பும் இல்லை. விசாரிக்காம அவமானப்படுத்தினது நான். கயிறு ரெண்டையும் ஒரே அளவா முடிஞ்சு தரவேண்டியதும் நான்தான்."

"ஐஸ் வண்டிப் பக்கம் கேக்கலயாம் சாரு" என்றார் வலியுல்லா.

ஸ்ரீவத்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு இறங்கிவந்து, வேட்டியை மடித்துக் கட்டி மணலில் உட்கார்ந்து, அறுந்த முனைகளைத் தேடத் தொடங்கினார்.