அடிக்கல் அண்ணன் வைத்த கல்

எம்.எல்.ஏ. அழுதுகொண்டே வந்தார். அந்தக் கண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டிருந்தால் தொகுதியில் பாதி ஏரி நிரம்பியிருக்கும் என்று டிரில் மாஸ்டர் இன்றைக்கும் சொல்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் கைக்குட்டை நனைந்திருந்தது நிஜம்.

"என் பேரையே திருடிட்டாங்க, இன்ஸ்பெக்டரம்மா!"

இன்ஸ்பெக்டரம்மா போலீஸிலிருந்து ஓய்வுபெற்றவர், மாஸ்டரின் மனைவி. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவர் நிறுத்தவில்லை. மாஸ்டர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவருக்கு ஓய்வுக்குப் பிறகு வாய்த்த ஒரே விளையாட்டு, மனைவியின் துப்பறிதல்.

ஐந்து தேர்தலில் ஜெயித்த அந்த எம்.எல்.ஏ.வுக்கு ஊர் வைத்த பெயர் அடிக்கல் அண்ணன். காலி இடம் கண்ணில் பட்டால் போதும், ஆஸ்பத்திரிக்கோ நூலகத்துக்கோ ஓர் அடிக்கல் நாட்டிவிடுவார். சிமெண்டுப் பீடம், அதில் பளபளக்கும் கறுப்புக் கல், கல்லில் தங்க எழுத்தில் அவர் பெயர். அசையாமல் நின்றால் நம் முதுகிலும் ஒன்றைப் பதித்துவிடுவாரோ என்று ஜனங்கள் அவரைக் கண்டால் வேகமாக நடந்தார்கள். அந்தக் கற்கள்தான் இப்போது ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

"நாளைக்கு ஓடைப்பாலத்துக்கு மறுபடி அடிக்கல். புதுக் கல்லு கார் டிக்கியில இருக்கு. கட்சித் தலைமையிலேருந்து ஆள் வர்றாங்க. இதுவும் காணாமப் போச்சுன்னா ஊரே சிரிப்பா சிரிச்சிடும். ஆறாவது தடவை சீட்டு அம்பேல்!"

"மறுபடியா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"பழைய கல்லு திருடு போச்சே!"

"கல்லு சரி அண்ணே, பாலம்?"

எம்.எல்.ஏ. இருமினார். "நிதி வரல. அதை விடுங்க. இது எதிர்க்கட்சிக்காரன் வேலைதான். இன்னிக்கே அவன் மேல புகார் கொடுக்கணும். நீங்க ஆதாரத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க."

எம்.எல்.ஏ.வின் காரிலேயே கிளம்பினார்கள். டிரைவர் வாய் திறக்காமல் ஓட்டினார். பக்கத்தில் உதவியாளர், இடுப்பில் முதுகுவலி பெல்ட்டோடு, பள்ளத்துக்குப் பள்ளம் "ஐயோ" சொல்லிக்கொண்டு வந்தார்.

நூலகம் வரவேண்டிய இடத்தில் புல் வந்திருந்தது. பீடம் மட்டும் மொட்டையாக நின்றது. இன்ஸ்பெக்டரம்மா அதைத் தடவிப் பார்த்தார். கல் இருந்த இடத்தில் புதிதாகச் சிமெண்டு பூசி, வழவழவென்று தேய்த்திருந்தது.

"பாருங்க மாஸ்டர். ஆடு உரசினாலும் கீறக்கூடாதுன்னு பூசிட்டுப் போயிருக்காங்க. எவ்வளவு மரியாதையான திருட்டு!"

அடுத்தது பஸ் நிலையம். அங்கே கூரை கட்டி முடித்திருந்தது; கல்லும் பத்திரமாக இருந்தது. "கூட்டம் இருக்கற இடம், திருடன் பயந்திருப்பான்" என்றார் மாஸ்டர். "இருக்கலாம்" என்றபடி, நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார் இன்ஸ்பெக்டரம்மா.

எதிர்க்கட்சிக்காரர் அங்கேயே டீக்கடையில் இருந்தார். விசாரித்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டாங்கம்மா! ஒவ்வொரு கல்லு பக்கத்துலயும் நின்னு, 'இதோ ஆஸ்பத்திரி, வந்து படுத்துக்கோங்க'ன்னு போஸ்டர் அடிக்கலாம்னு இருந்தேன். இவரு தோக்கறதுக்கு அந்தக் கல்லுங்களே போதும். காவலுக்கு ஆள் போடலாம்னு நெனைக்கறதுக்குள்ள காணோம்!"

கடைசியாக, தானியக் கிடங்குக்கு அடிக்கல் நாட்டிய இடம். முள்காட்டுக்கு நடுவில், பாதையே இல்லாத மேடு. அங்கேயும் கல்லைக் காணோம்.

"இங்க ஒரு கல்லு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அன்னிக்கு அடைமழை, ஈ காக்கா வரல. நான், என் வீட்டுக்காரி, இவங்க ரெண்டு பேரும்தான். டிரைவர் பதிச்சாரு. நான் கார்லேருந்தே கையைக் காட்டினேன்."

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மனைவியைத் தனியே இழுத்து, "உதவியாளர்தான்! அந்த பெல்ட் வேஷம். உள்ளுக்குள்ள ஆள் பயில்வான்!" என்றார். அந்த நேரம் உதவியாளர் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் நின்றுவிட்டார். டிரைவர்தான் பிடித்து நிமிர்த்தினார்.

மத்தியானம் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணி, வெயில்ல?"

"தங்கச்சி வீட்டுக்கு. போன மழையில ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாளே, இடுப்பு உடைஞ்சு இன்னும் எந்திரிக்கல."

எம்.எல்.ஏ. சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"எந்த வழியா போனீங்க?"

"சுத்து ரோட்டுலதான். கார்ல."

இன்ஸ்பெக்டரம்மா செருப்பைப் பார்த்தார். வாரில் ஈரக் களிமண்ணும் பச்சைப் பாசியும். உடையின் ஓரத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிறகு பெருமூச்சு விட்டார். கேஸ் முடிந்துவிட்டால் அவர் சந்தோஷப்படுவார் என்பது மாஸ்டரின் அனுபவம். இன்றைக்கு ஏனோ முகம் வாடியது.

"எல்லாரும் ஓடைக்குப் போவோம். அண்ணி, நீங்களும் வாங்க."

ஓடைக்கரையில் இறங்கியதும் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"எதிர்க்கட்சிக்காரர் இல்ல, அண்ணே. வெறும் இடத்துல உங்க பேரு நிக்கறதுதான் அவருக்கு லாபம். எடுத்தவங்க உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்காங்க. கட்டி முடிச்ச பஸ் நிலையத்துக் கல்லைத் தொடல. கட்டாத இடத்துக் கல்லைத்தான் எடுத்தாங்க. முள்காட்டுக் கல்லு தெரிஞ்சது உங்க நாலு பேருக்கு. இவரால பேனாவையே தூக்க முடியல. டிரைவர் தூக்குவாரு, ஆனா சொல்லாம ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டாரு. அப்போ சொன்னது யாரு?"

இன்ஸ்பெக்டரம்மா அண்ணி பக்கம் திரும்பினார்.

"அண்ணி கார்ல போனேன்னாங்க. கார் காலையிலேருந்து எங்களோட இருந்துச்சு. இந்த வெயில்ல ஊர்ல பாசி இருக்கறது ஓடையில மட்டும்தான். ஓடையில முழங்கால் தண்ணி, ஆனா உடை நனையல. அப்போ எது மேல நடந்து போனாங்க?"

அவர் கையைக் காட்டினார். ஓடையின் குறுக்கே, பாறைகளுக்கு மேல், வரிசையாகப் பலகைக் கற்கள். சொரசொரப்பான பின்பக்கம் மேலே இருந்தது. தலையில் மூட்டையோடு ஒருத்தி அவற்றின் மேல் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரே இடத்தில் இடைவெளி. அங்கே மட்டும் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாவினாள்.

தொகுதி முழுக்க இந்த வழி தெரியும்; கற்கள் எங்கிருந்து வந்தன என்றுதான் யாரும் கேட்கவில்லை. வழியே தெரியாத ஆள் எம்.எல்.ஏ. ஒருவர்தான். இந்த ஓடைப்பக்கம் அவர் வந்து தேர்தல் தேர்தலாக ஆகிவிட்டது.

"நீயா?" என்றார் மனைவியிடம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான்தான். அவ விழுந்தன்னிக்கு உங்ககிட்ட வந்து சொன்னேன். 'அழாத, மறுபடி ஒரு அடிக்கல் நாட்டிடலாம்'னீங்க. அன்னிக்கு முடிவு பண்ணினேன். டிரைவர் தம்பியைத் திட்டாதீங்க. மாட்டேன்னுதான் சொன்னாரு, நான்தான் கெஞ்சினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"எத்தனை வார்த்தைதாங்க சொல்றது?"

எம்.எல்.ஏ. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கல்லை வெச்சா வேலை பாதி முடிஞ்ச மாதிரின்னு நெனைச்சேன், இன்ஸ்பெக்டரம்மா. கை தட்டுவாங்க. வீட்டுக்கு வந்தா நிம்மதியா தூக்கம் வரும். அவளைப் போய்ப் பார்க்கக்கூட இல்ல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"புகார் எழுதணுமா அண்ணே?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"அந்த இடைவெளி?" என்று ஓடையைக் காட்டிக் கேட்டார்.

"அதுக்குத்தான் கல்லு கிடைக்கல" என்றார் மனைவி.

எம்.எல்.ஏ. காருக்குப் போய் டிக்கியைத் திறந்தார். ஓடி வந்த டிரைவரை வேண்டாமென்று தள்ளினார். இதற்கு அடுத்து நடந்ததை மாஸ்டர் கூட்டிச் சொல்வதே இல்லை, கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக அந்த மனுஷர் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தடுமாறினார். இத்தனை காலம் நாட்டிய கற்களில் தன் கையால் வைத்தது இது ஒன்றுதான். பாறை மேல் வைத்தபோது தங்க எழுத்துகள் வெயிலில் மின்னின.

"கவுத்து வைங்க" என்று கரையிலிருந்து மனைவி சொன்னார். "பேரு இருக்கற பக்கம் வழுக்கும்."

அவர் கொஞ்ச நேரம் தன் பெயரைப் பார்த்தபடி நின்றார். பிறகு கவிழ்த்து வைத்து, ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"ஐயா, நாளைக்கு விழா?" என்று உதவியாளர் கத்தினார்.

"கல்லு ஏதுப்பா?" என்று சொல்லிவிட்டு, அடிக்கல் அண்ணன் மறுகரையில் ஏறிக் கொழுந்தியாள் வீட்டுப் பக்கம் நடந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று.